கியூபாவுக்காக நான் அடித்த பதினாறு

நம் வகுப்பில் மிச்சம் இருக்கிற பதினோரு பேருக்கும் இதை எழுதுகிறேன். போன மாதம் குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்த அன்று, நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஐந்தருவிப் படத்தைப் போட்டு, கீழே "கியூபா எவ்வளவு?" என்று கேட்டிருந்தார். உடனே ஏழெட்டுப் பேர் "முப்பத்தாறு" என்று பதில் போட்டீர்கள். ஐம்பது வருஷம் ஆகியும் ஒருவருக்கும் அந்த எண் மறக்கவில்லை. நான் மட்டும் பதில் போடவில்லை. சரியான பதில் இருபது. மீதிப் பதினாறையும் அடித்தவன் நான்.

அண்ணனைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் யாராவது படித்தால் புரியட்டும் என்று முதலிலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அண்ணன் வீடு. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, அவருக்கு இருபது. அவருடைய அப்பாவை ஊரே அண்ணாச்சி என்றது. புளியங்குடியில் அவருக்கு எலுமிச்சைக் கமிஷன் கடை. தென்காசியிலிருந்து முதல் பஸ்ஸில் போய்ப் பொழுது சாயத் திரும்புவார். அவர் தெருவில் நுழைந்தால் எலுமிச்சை வாசனை முன்னால் வரும், அவர் பின்னால் வருவார். அண்ணனும் காலையில் கடைக்குப் போய் மூட்டை தூக்குவார். ஏலம் முடிந்ததும் அப்பாவுக்கு முன்பே கிளம்பி, மூன்று மணிக்கெல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் நிற்பார்.

அந்த வருஷம்தான் நம் ட்ரில் வாத்தியார் எங்கோ ஒரு பயிற்சிக்குப் போய் பேஸ்பால் கற்றுக்கொண்டு வந்தார். மட்டை வாங்கப் பள்ளிக்கூடத்தில் வழியில்லை. கடைசல் பட்டறையில் தேக்கில் ஒன்று கடைந்து வாங்கினார். அதைப் பார்த்துவிட்டு நம்மில் ஒருவன் "உலக்கைக்குத் தம்பி சார்" என்றான். கையுறைகள் அண்ணாச்சி கடைச் சாக்கில் தைத்தவை. பந்தைப் பிடித்தால் கை முழுக்க எலுமிச்சை மணக்கும். ஆனி, ஆடியில் விழும் சாரலில் பந்து நனைந்து கல் மாதிரி கனத்துவிடும் என்பதால் இரண்டு பந்து வைத்திருந்தோம். ஒன்று ஆட்டத்தில் இருக்கும்போது மற்றது டீக்கடை பாய்லர் மேல் காய்ந்துகொண்டிருக்கும். தோல் கருகும் வாசனையும் டீ வாசனையும் கலந்து வரும் அந்த நெடியை நான் பிறகு எங்கும் முகர்ந்ததில்லை.

மைதானத்தின் கிழக்கு எல்லையில் வாய்க்கால். அடித்த பந்து தரையில் படாமல் வாய்க்காலைத் தாண்டி வயலில் விழுந்தால் ஹோம் ரன். நம் பையன்கள் அடித்தால் பாதி தூரத்தில் விழும். அண்ணன் அடித்தால் பந்து மேலே போகும். செங்கோட்டைக் கணவாயிலிருந்து வரும் காற்று அதைப் பின்னாலிருந்து தள்ளும். அந்நாளில் கட்டி முடிக்காமல் மொட்டையாக நின்ற நம் கோயில் கோபுரத்துக்கு நேராக அது சின்னதாகிக்கொண்டே போய், நாற்று நடும் பெண்களுக்கு நடுவே சேற்றில் விழும். அங்கிருந்து ஒரு குரல் வரும்: "எந்தப் பயலே அது? மண்டையில விழுந்தா உங்கப்பனா வந்து நடுவான்?" அந்த வசவு கேட்டால்தான் நமக்கு ஹோம் ரன் உறுதி.

கியூபாக்காரர் எங்கள் வீட்டு ரேடியோ வழியாக வந்தார். ஆனி மாதம் ஆரம்பித்த வாரம். விடியற்காலையில் சிற்றலையில் முள்ளைத் திருகிக்கொண்டிருந்தேன். விசில் சத்தத்துக்கு நடுவே ஆங்கிலம் கேட்டது. ஹவானா என்றது. ஓர் ஆட்டக்காரர் பெயரைச் சொல்லி, இருபது ஹோம் ரன், அந்த நாட்டில் ஒரு சீசனில் அதுவரை ஒருவரும் அவ்வளவு அடித்ததில்லை என்றது. அதோடு விசில் மூடிக்கொண்டது.

அன்று சாயங்காலம் மைதானத்தில் சொன்னேன். நம்மில் ஆங்கிலம் கேட்டால் புரிகிறவன் நான் ஒருவன்தான். ட்ரில் வாத்தியார் மட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இருபதாலே? ஒரு சாரலுக்குள்ள அடிச்சிரலாமே."

டீக்கடைக்காரர் கடையில் பலகாரப் பெயர் எழுதும் சிலேட்டைத் துடைத்து "கியூபா 20, தென்காசி 0" என்று எழுதி வெளியே மாட்டினார். அப்படித்தான் தொடங்கியது.

மறுநாள் விடியற்காலையில் முள்ளை அதே இடத்தில் வைத்தேன். விசில் மட்டும்தான். அதற்கடுத்த நாளும் விசில்தான். அந்த நிலையம் எனக்குப் பிறகு ஒருநாளும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் மைதானத்தில் கால் வைத்ததும் இருபது பேர் என்னைச் சுற்றி நின்றீர்கள்.

"இன்னைக்கு என்ன பண்ணுனான்லே?"

கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் திறந்தபோது "ஒண்ணு அடிச்சாரு" என்று வந்தது. அதைக் கேட்டு நீங்கள் போட்ட கூச்சல் நினைவிருக்கிறதா? தோற்பது நம் ஊர் என்பதுகூட உறைக்காமல் குதித்தோம். அடித்தது நம் ஆள் இல்லை, ஆனால் செய்தி நம்முடையது.

அந்தச் சாரல் நம் வாழ்க்கையிலேயே நல்ல சாரல் என்று இன்றும் சொல்வேன். சீசன் மாதங்களில் நம் ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்தால் முதல் கேள்வி "அருவில தண்ணி எப்படி?" அந்த வருஷம் இரண்டாவது கேள்வி ஒன்று சேர்ந்துகொண்டது. செங்கோட்டை பஸ் கண்டக்டர் மைதானத்தை ஒட்டி வண்டி மெதுவாகும்போது தலையை நீட்டி "கியூபா எவ்வளவுடே?" என்பார். பதில் வந்தபிறகுதான் விசில் ஊதுவார்.

நீங்கள் கேட்டீர்கள், நான் சொன்னேன். அவர் என்ன வேலை பார்க்கிறார்? சர்க்கரை ஆலையில் மூட்டை தூக்குகிறார். என்ன குடிப்பார்? கரும்புச்சாறு. அன்றிலிருந்து அண்ணனும் கரும்புச்சாறு.

"எங்கன குளிப்பான்?" என்று நம்மில் ஒருவன் கேட்டான்.

"அருவியில. ஆட்டத்துக்கு முந்தி தலையைக் காட்டிட்டுத்தான் வருவாரு."

"அங்கனயும் அருவி உண்டா?"

"மலை இருந்தா அருவி இருக்கத்தானலே செய்யும்" என்று அண்ணனே எனக்காகப் பதில் சொன்னார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்துப் பழைய குற்றாலத்துக்கு மிதித்தார். அருவிக்கு அடியில் என்னை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் முதுகில் அறையும்போது எனக்கு மூச்சு நிற்கும், அண்ணன் சிரிப்பார். திரும்பும்போது ஈரத்துணியோடு ஒரு மங்குஸ்தான் பழத்தை உடைத்து எனக்கு நான்கு சுளை, அவருக்கு இரண்டு. உடன்பிறந்தவர் இல்லாத எனக்கு அதுதான் அண்ணன் என்றால் என்ன என்பதன் அளவு. அன்று அவர் இரண்டு அடித்தார். அருவிதான் காரணம் என்று ஊர் நம்பியது.

ஒரு விடுமுறை நாளில் அண்ணன் என்னைப் புளியங்குடிக் கடைக்குக் கூட்டிப்போனார். தரையில் எலுமிச்சை குவியல் குவியலாகக் கிடந்தது. அண்ணாச்சி ஒரு குவியலின் அருகே நின்று ஏலம் கூவினார். வியாபாரிகள் விலை கேட்டுக் கேள்வியை ஏற்றிக்கொண்டே போனார்கள். திடீரென்று ஒருவர், "சுரண்டைக்காரர் இன்னும் ஒண்ணு கூடக் கேக்காரு" என்றார். அண்ணாச்சி கூவுவதை நிறுத்தினார்.

"சுரண்டைக்காரர் எங்க?"

சொன்னவர் வாசல் பக்கம் பார்த்தார்.

"ஆளில்லாத கேள்வி இந்தக் கடையில செல்லாது. கடைசியா நின்ன நிசக் கேள்விக்கே முடிஞ்சுது" என்று குவியலை அதற்கு முன் கேட்டவர் பக்கம் காலால் லேசாகத் தள்ளினார். கள்ளக் கேள்வி போட்டவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். அண்ணாச்சி என்னைப் பார்த்துச் சிரித்து, "உங்க கியூபாக்காரன் எவ்வளவுலே?" என்றார். "இருபத்து மூணு" என்றேன். வாழ்க்கை முழுக்கக் கள்ளக் கேள்வியை மோப்பம் பிடித்த மனிதர், எதிரே நின்ற என்னிடம் அதை மோப்பம் பிடிக்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை எதற்காகப் பொய்யாக ஏற்றிவிடப் போகிறான் என்று நினைத்திருப்பார்.

ஆடி பிறந்து சில நாளில் ட்ரில் வாத்தியாருக்கு மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. மாநில அணிக்கு ஆள் தேர்வு செய்கிறார்கள், ஆவணி முதல் வாரம் முகாம், உங்கள் பையனை அனுப்புங்கள் என்று. அணியில் எடுபட்டால் போலீஸில் வேலை கிடைக்கவும் வழி உண்டு என்றார் வாத்தியார். அண்ணன் அந்தக் கடிதத்தை வாங்கி மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். ஆங்கிலம் அவருக்கு வராது. என்னிடம் நீட்டி, "எல்லாத்தையும் வாசி" என்றார். கடைசியில் இருந்த கையெழுத்து வரைக்கும் வாசித்தேன்.

அண்ணாச்சி ஒப்பவில்லை. அன்று சாயங்காலம் டீக்கடையில் எல்லோரும் நின்றோம்.

"மூட்டை தூக்குத கைக்கு மெட்ராஸ்ல என்ன சோலி?"

"அண்ணாச்சி, இவனை மாதிரி அடிக்கவன் இந்த ஜில்லாவிலயே கிடையாது" என்றார் வாத்தியார்.

அண்ணாச்சி சிலேட்டைக் காட்டினார். "இந்தா நீங்களே எழுதி மாட்டியிருக்கீயளே. அந்த வெள்ளைக்காரனைத் தாண்டல்லியே இவன். ஆடி முடியுததுக்குள்ள தாண்டட்டும். நானே ரயிலேத்தி விடுதேன். தாண்டலன்னா பேசாமக் கடையில உக்காரணும். இது ஏலத்துல சொன்ன சொல்லு."

"சரிப்பா" என்றார் அண்ணன்.

சிலேட்டில் அன்று கியூபா இருபத்து நான்கு, தென்காசி இருபத்திரண்டு. அதாவது, அண்ணாச்சி அந்த நிபந்தனையைச் சொல்லி வாயை மூடிய நேரத்தில் அண்ணன் ஏற்கெனவே அதில் ஜெயித்திருந்தார். அது தெரிந்த ஒரே ஆள் நான், கையில் பாதி வடையோடு நின்றுகொண்டிருந்தேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு இரண்டு காரணம். ஜெயித்தால் அண்ணன் போய்விடுவார் என்பது ஒன்று. அதை மட்டும் எழுதினால் உங்களுக்கு என் மேல் இரக்கம் வரும். மற்றது இதைவிட மோசம். விடியற்காலைச் செய்தியைக் கொண்டுவருகிறவன் என்று ஊரே என் முகத்தைப் பார்த்தது. அது போய்விடும் என்று பயந்தேன். இரண்டாவதுதான் பெரிய காரணம் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

ஆகவே ஏற்றினேன். அண்ணன் ஒன்று அடித்தால் கியூபாவும் ஒன்று. அண்ணன் மூன்று அடித்த அன்று மட்டும் கொஞ்சம் பொறுத்து, மறுநாள் இரண்டு. ஒருநாள் கியூபாக்காரருக்குச் சளி பிடித்து ஆட்டத்துக்கு வரவில்லை என்றுகூடச் சொன்னேன். அண்ணன் மிகவும் கவலைப்பட்டார். "அருவியில அதிகமா நிக்கக் கூடாது, சொல்லி அனுப்ப வழி இருக்காலே?" என்றார்.

ஆடிக் கடைசி நாள். கியூபா முப்பத்து நான்கு, தென்காசி முப்பத்து மூன்று. வயலில் நடவு நின்றுபோய், நட்ட பெண்கள் எல்லாம் வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணாச்சி அன்றைக்கு மதிய பஸ்ஸிலேயே வந்து டீக்கடை ஓரத்தில் குடையோடு நின்றார். அண்ணன் முதலில் ஒன்று அடித்தார். திட்டுவதற்குப் பதிலாகக் கரையில் குலவைச் சத்தம் எழுந்தது. இருட்டப் போகிற நேரம், பந்து கனத்துவிட்டது. வாத்தியார் பாய்லர் மேலிருந்த பந்தை எடுத்துவரச் சொன்னார். அது சூடாக இருந்தது. அடுத்த அடியில் அது போன உயரத்தை உங்களில் யாராலாவது மறக்க முடியுமா? நாம் எல்லோரும் வாயைப் பிளந்து மழையைக் குடித்தோம். முப்பத்தைந்து.

அண்ணனைத் தோளில் தூக்கிவிட்டோம். அப்போது ட்ரில் வாத்தியார் கையை உயர்த்தினார். நேர்மையான மனிதர்.

"கியூபாவுல இப்பத்தான் காலை. அவங்க ஆட்டம் இனிமேதான். நமக்கு விடிஞ்சாத்தான் கணக்கு முடியும்."

"அதுதான் நியாயம்" என்று தோளில் உட்கார்ந்தபடியே அண்ணன் சொன்னார்.

விடியும்போது எங்கள் வீட்டு வாசலில் நீங்கள் எல்லோரும் நின்றீர்கள். நான் உள்ளே ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தேன். விசில், இரைச்சல், யாரோ ஒரு பெண் புரியாத மொழியில் பாடினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அடுத்த வீட்டு நடையில் அண்ணாச்சி பச்சைப் பெயின்ட் அடித்த புது ட்ரங்குப் பெட்டி ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கடைக்கு வாங்கியிருப்பார் என்று நினைத்தேன்.

வெளியே வந்தேன். "ரெண்டு அடிச்சுட்டாரு" என்றேன். "முப்பத்தாறு."

முதலில் கைதட்டியது அண்ணன்தான். "கெட்டிக்காரன்லே அவன்" என்று சிரித்துக்கொண்டே தட்டினார். பிறகு நாம் எல்லோரும் தட்டினோம். சிறிது நேரத்தில் அவரும் அண்ணாச்சியும் புளியங்குடி பஸ்ஸுக்கு நடந்தார்கள். பெட்டி நடையிலேயே இருந்தது.

அப்புறம் நான் ஆங்கிலம் படித்தேன், கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தேன், ஓய்வு பெற்றேன். அண்ணன் கடையில் உட்கார்ந்தார். கல்யாணம், பிள்ளைகள், நல்ல பெயர். எந்தக் கல்யாண வீட்டில் பார்த்தாலும் "முப்பத்தாறுக்கு முப்பத்தஞ்சு. ஒண்ணுல போச்சு" என்று மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்வார். நான் பந்தி நோக்கி நகர்ந்துவிடுவேன்.

போன வருஷம் கணினியில் அந்த ஆட்டக்காரரைத் தேடினேன். படம் கிடைத்தது. வெள்ளைக்காரர் இல்லை, நம் அண்ணன் நிறம். நான் ரேடியோவில் கேட்ட இருபது சரிதான். ஆனால் நம்முடைய சாரல் மாதங்களில் அங்கே ஆட்டமே கிடையாதாம், சீசன் முன்பே முடிந்துவிடுமாம். அவர் வீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்த நாட்களில் நான் அவரை எழுப்பி எழுப்பி ஆட விட்டிருக்கிறேன்.

ஒரு வருஷம் தாமதித்தேன். வாட்ஸ்அப்பில் உங்கள் "முப்பத்தாறு"களைப் பார்த்த மறுநாள் புளியங்குடி போனேன். கடையை இப்போது அண்ணன் மகள் நடத்துகிறாள். "வாங்க சித்தப்பா, காபியா டீயா?" என்றாள். அண்ணன் அண்ணாச்சியின் மாலை போட்ட படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். ஏலம் நடந்துகொண்டிருந்தது. நான் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் ஓர் எலுமிச்சையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே கேட்டார்.

"பதினாறும் நீயா அடிச்ச?"

"ஆமாண்ணே."

"உனக்கு மட்டையைத் தூக்கவே தெம்பு கிடையாதேலே."

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. எலுமிச்சையை உருட்டுவதை நிறுத்தி, "எனக்குக்கூடப் பரவாயில்ல. எங்கப்பா இதக் கேக்காமப் போயிட்டாரே" என்றார். எலுமிச்சையை மேசையில் வைத்தார். "அந்தப் பச்சைப் பெட்டி எனக்குத்தான் வாங்கியிருந்தாரு. சுரண்டையில போயி, கடைக்கடையா ஏறி. நான் ஜெயிச்சிருவேன்னு என்னைய விட அவருக்குத்தான் நம்பிக்கை. பிறகு அதுல பில்லுக்கட்டைப் போட்டு வச்சாரு."

பெட்டி அவர் காலடியில்தான் இருந்தது. பெயின்ட் பெரும்பாலும் உதிர்ந்திருந்தது.

அண்ணன் எழுந்தார். "ஏலத்தை நிறுத்துங்க" என்றார். கூவிக்கொண்டிருந்த பையன் நிறுத்தினான். வியாபாரிகள் திரும்பினார்கள்.

"இங்கன ஆளில்லாமக் கள்ளக் கேள்வி போட்டா என்ன வழக்கம்?"

"கடைசி நிசக் கேள்விக்கே முடியும் அண்ணாச்சி" என்றார் ஒருவர். "எவன் போட்டான்?"

"இந்தா நிக்காம்லா, புரபசர்." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்தேன். அண்ணன் அப்பா படத்தின் பக்கம் திரும்பினார். "நிசக் கேள்வி இருபதுப்பா. என்னது முப்பத்தஞ்சு. முடிஞ்சுது. நீங்க சொன்ன சொல்லு இருக்கு. போயிட்டு வாரேன்."

ஏதும் புரியாமல் இரண்டு வியாபாரிகள் கைதட்டினார்கள். மகள் ஓடிவந்தாள்.

"எங்கப்பா போறீங்க?"

"மெட்ராஸுக்கு. பில்லுக்கட்டை எல்லாம் வேற எதுலயாவது மாத்து. பெட்டி வேணும்."

அவள் என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு குனிந்து பெட்டியைத் திறந்து காகிதங்களை அள்ளி வெளியே வைக்க ஆரம்பித்தாள். உள்ளே அடியில், துரு படியாத இடத்தில், அந்தப் பச்சை இன்னும் பச்சையாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்கால ரயில். தென்காசி ஸ்டேஷனுக்கு முடிந்தவர்கள் வாருங்கள். நானும் போகிறேன். பெட்டியை நான்தான் தூக்க வேண்டும், சக்கரம் வைத்த பெட்டி ஆகாது என்று உத்தரவு. எழுபது வயதில் மெட்ராஸ் போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அந்த முகாம் நடந்த மைதானத்துல போயி நிப்பேன்" என்றார். "எல்லை எவ்வளவு தூரம்னு பாக்கணும். நின்னு பாத்தாத் தெரிஞ்சிரும்லே, என் அடி தாண்டியிருக்குமா தாண்டியிருக்காதான்னு. நீ மட்டும் வாயைத் திறக்காத. எண்ணுதது நான்."